நேண்ட் கேட்டிலிருந்து கணினி வரை: எந்த வழியில் போகலாம்?

அக்கா மகள் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறாள். பைத்தானில் நன்றாக நிரல் எழுதுவாள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு நாள் கேட்டாள்: "மாமா, ரெண்டு எண்ணைக் கூட்டுன்னு எழுதினா கூட்டிடுது. உள்ளே எது கூட்டுது?"

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் மென்பொருள் வேலையில் சேர்ந்து ஆறு வருடம் ஆன பிறகுதான் அதே கேள்வி எனக்குள் எழுந்தது. விடை தேடி ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். அவளிடம் ஐயாயிரம் ரூபாய், இரண்டு மாத விடுமுறை, ஒரு பழைய மடிக்கணினி இருந்தன. இதை வைத்துக்கொண்டு எதில் தொடங்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அன்று பேசியதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆர்டுவினோ என்ற சிறிய மின்னணுப் பலகையை ஒதுக்கி வைத்தோம். "ஹார்டுவேர் கத்துக்கணும்" என்றாலே பலரும் அதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். நல்ல பலகைதான். ஆனால் அதன் நடுவில் இருக்கும் சிப், முழுமையாகச் செய்து முடித்த ஒரு கணினி. அதற்கு நிரல் எழுதலாம், விளக்கை எரியவிடலாம், மோட்டாரை ஓட்டலாம். உள்ளே எது கூட்டுகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

மீதி வழிகளை ஒப்பிட ஓர் உரைகல் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது நினைவு. கூட்டல் எந்த வழியில் போனாலும் புரிந்துவிடும். கேட் என்பது 0 அல்லது 1 என்ற பிட்களை உள்ளே வாங்கி, ஒரு விதிப்படி ஒரு பிட்டை வெளியே விடும் சிறிய சுற்று. ஓர் எக்ஸார் கேட் (உள்ளீடுகள் வேறுபட்டால் 1), ஓர் ஆண்ட் கேட் (இரண்டும் 1 என்றால் மட்டும் 1) சேர்ந்தால் இரண்டு பிட்டைக் கூட்டும் அரைக்கூட்டி. நினைவு அப்படியல்ல. ஒரு கேட்டுக்கு ஒரு நொடி முன்பு நடந்தது தெரியாது. உள்ளீடு மாறினால் வெளியீடும் மாறிவிடும். இப்படிப்பட்ட இரண்டை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீட்டில் எதிரெதிராக மாட்டினால் மட்டும் ஒரு பிட் எப்படி அங்கே தங்குகிறது?

நேண்ட் கேட்டின் விதி எளிது: இரண்டு உள்ளீடும் 1 என்றால் வெளியீடு 0, மற்றபடி எப்போதும் 1. இரண்டு நேண்ட்டை எதிரெதிராக மாட்டினால் வெளியே இரண்டு உள்ளீடுகள் மிஞ்சும். அவை இரண்டும் 1 ஆக இருக்கும்வரை, உள்ளே எது இருந்ததோ அதுவே இருக்கும். ஒன்றை ஒரு கணம் 0 ஆக்கிவிட்டு விட்டால் அந்தப் பக்கம் 1 ஆகி, நாம் கையை எடுத்த பிறகும் அப்படியே நிற்கும். இதற்கு லேட்ச் என்று பெயர். ஒரு பிட்டை வைத்திருக்கும் ஃபிளிப்-ஃபிளாப், ஓர் எண்ணையே வைத்திருக்கும் ரெஜிஸ்டர், எண்ணிக்கொண்டே போகும் கவுன்டர் எல்லாம் இதன் மேல் எழுந்தவை. ஒரு வழி இந்த லேட்சை எப்படிக் கற்றுத்தருகிறது என்று பார்த்தால், அந்த வழியின் பலமும் குறையும் தெரிந்துவிடும்.

பாடப்புத்தக வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். தமிழ்நாட்டு 11-ஆம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் எண் முறைகளும் பூலியன் இயற்கணிதமும் தமிழிலேயே இருக்கின்றன. டி மார்கன் தேற்றமும், நேண்ட், நார் கேட்டுகள் ஏன் பொதுமை வாயில்கள் (அதாவது, அவற்றில் ஒன்றை மட்டும் வைத்தே மற்ற எல்லா கேட்டையும் கட்டலாம்) என்பதும் அதில் உண்டு. இரும எண்ணில் தடுமாறுபவர்கள் இரண்டு நாள் அதில் உட்காருவது நல்லது. அதற்கு மேல் வேண்டுமானால் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழு விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கார்னோ வரைபடம் முதல் வரிசைமுறைச் சுற்று வரை முறையாகப் போகும். தேர்வு எழுதுபவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் புரிந்த மாதிரி இருக்கும், காகிதத்தை எடுத்தால் கை ஓடாது. என் கல்லூரி ஆய்வகத்திலும் அதுதான் நடந்தது. ட்ரெய்னர் கிட்டில் வயர் மாட்டி, மெய் அட்டவணையைச் சரிபார்த்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். லேட்ச் ஏன் நினைவில் வைக்கிறது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது சிமுலேட்டர், அதாவது சுற்றைத் திரையில் வரைந்து ஓட்டிப் பார்க்கும் மென்பொருள். கார்ல் பர்ச் 2001-இல் உருவாக்கிய லாஜிசிம் பல வருடங்கள் கல்லூரிகளின் முதல் தேர்வாக இருந்தது. அவர் அதை நிறுத்திவிட்ட பிறகு லாஜிசிம்-எவல்யூஷன் என்ற பெயரில் மற்றவர்கள் தொடர்கிறார்கள். எதையும் நிறுவ வேண்டாம், உலாவியிலேயே வரையலாம் என்றால் சர்க்யூட்வெர்ஸ் இருக்கிறது. அது பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி. மாணவர்கள் தொடங்கிய திறந்தமூலத் திட்டம். இவற்றில் ஒரு பைசா செலவில்லை, எதுவும் எரியாது. எந்த வயரில் 1 ஓடுகிறது, எதில் 0 என்பது நிறத்திலேயே தெரியும். ஓர் உள்ளீட்டைச் சொடுக்கினால் மாற்றம் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே எந்த வழியில் போனாலும் சிமுலேட்டரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

குறை என்னவென்றால் அது வெற்றுப் பலகை. அடுத்து எதைச் செய்வது என்று அது சொல்லாது. அரைக்கூட்டி, முழுக்கூட்டி, நான்கு பிட் கூட்டி வரை ஆர்வமாகப் போய், அங்கேயே நின்றுவிடுபவர்கள் நிறைய. நானும் முதல் தடவை அங்கேதான் நின்றேன்.

லேட்ச் சோதனையில் சிமுலேட்டர் பாதித் தேர்ச்சி. வரைந்து சொடுக்கினால் பிட் தங்குவது தெரியும். ஆனால் இரண்டு உள்ளீட்டையும் ஒன்றாக இணைத்து, 0 ஆக்கி, ஒரே சமயத்தில் 1 ஆக்கிப் பாருங்கள். லாஜிசிமில் இரண்டு கேட்டுக்கும் ஒரே தாமதம் என்பதால் இரண்டும் சேர்ந்து மாறும், சேர்ந்து திரும்பும், முடிவே வராது. சுற்று அலைபாய்கிறது என்று எச்சரித்துவிட்டு மென்பொருள் நின்றுவிடும். உண்மையான சிப்பில் அப்படி நடக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிமுலேட்டருக்கு ஒரு பாதையும் சேர்த்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நேண்ட் டு டெட்ரிஸ். நோம் நிசான், ஷிமோன் ஷோக்கன் என்ற இரண்டு இஸ்ரேலியப் பேராசிரியர்கள் உருவாக்கிய பாடத்திட்டம். அதன் புத்தகம் 2005-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2021-இல். மொத்தம் 12 செயல்திட்டங்கள். முதல் ஐந்தில் ஹாக் என்ற 16 பிட் கணினியை நேண்ட்டிலிருந்து கட்டி முடிக்கிறோம்; ஆறாவதில் குறியீட்டு ஆணைகளை 0, 1 ஆக மாற்றும் அசெம்ப்ளரை அதற்கு எழுதுகிறோம்; மீதி ஆறும் உயர்நிலை மொழியை மாற்றித் தரும் கம்பைலர், இயங்குதளம் என்று மேலே போகின்றன. மென்பொருள் கருவிகள் இலவசம்.

இதை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பதற்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். இரண்டாவது செயல்திட்டத்தில் ஹாக்கின் ஏ.எல்.யூ., அதாவது கணக்குப் போடும் பகுதி, வருகிறது. அதில் ஒரு கூட்டி உண்டு, ஓர் ஆண்ட் உண்டு, ஆறு கட்டுப்பாட்டு பிட்கள் உண்டு. கழிப்பதற்கென்று தனியாக எதுவுமே இல்லை! முதல் எண்ணின் எல்லா பிட்களையும் புரட்டு, இரண்டாம் எண்ணைக் கூட்டு, வந்த விடையின் பிட்களை மறுபடி புரட்டு. முதலிலிருந்து இரண்டாவது கழிந்து நிற்கும். நான்கு பிட்டில் 7-இலிருந்து 5-ஐக் கழித்துப் பார்க்கலாம். 0111-ஐப் புரட்டினால் 1000. அதோடு 0101-ஐக் கூட்டினால் 1101. அதைப் புரட்டினால் 0010, அதாவது 2. என் அக்கா மகள் இதை நோட்டில் நான்கு முறை வேறு வேறு எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தாள். "எது கூட்டுது" என்று கேட்டவளுக்கு, கூட்டுவதே கழிக்கவும் செய்கிறது என்று தெரிந்த நாள் அது. இப்படி ஓர் அனுபவத்தை விரிவுரை தராது; கையால் கட்டினால்தான் வரும்.

நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். சுற்றை வரைய வேண்டாம், சிறிய விவரண மொழியில் எழுதலாம். ஒவ்வொரு சிப்புக்கும் சோதனைக் கோப்பு இருக்கிறது. சரியா தவறா என்று உடனே தெரியும். எட்டுச் சொல் நினைவகத்தைக் கட்டி, அதில் எட்டை அடுக்கி 64, பிறகு 512, 4096, கடைசியில் 16,384 என்று பதினைந்து இருபது வரிகளில் ஏறிப் போகலாம். வயரில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் லேட்சில் இது தேறவில்லை. மூன்றாவது செயல்திட்டத்தில் நினைவகம் தொடங்கும்போது, ஒரு பிட்டை வைத்திருக்கும் டி ஃபிளிப்-ஃபிளாப்பைத் தயாராகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் நேண்ட்டிலிருந்து கட்டுவோம் என்று கிளம்பிய பயணத்தில் இது ஒன்றை மட்டும் நாம் கட்டுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு: கிளாக் (எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் நடத்தும் துடிப்பு) இல்லாமல் வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பிவிடும் சுற்றை அவர்களுடைய சிமுலேட்டர் ஏற்காது. அப்படி எளிமைப்படுத்தியதால்தான் ஒரு பருவத்தில் முழுக் கணினியையும் கட்ட முடிகிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் படிப்பவர் அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வேறு இடத்தில் அதை அடைத்துக்கொள்ள வேண்டும்.

அடைப்பதற்குச் செலவில்லாத ஒரு இடம் நேண்ட்கேம். உலாவியில் விளையாட்டு மாதிரி கட்டம் கட்டமாகப் போகும். மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயில் தொடங்கி நேண்ட் கட்டச் சொல்கிறது. லேட்சையும் நம் கையாலேயே கட்ட வைக்கிறது. ரிலேயில் தொடங்குவது வரலாற்றுக்கும் பொருத்தம். ஜார்ஜ் பூல் 1854-இல் எழுதிய இயற்கணிதமும் ரிலே சுற்றுகளும் ஒன்றே என்று 1937-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன். அப்போது அவருக்கு வயது 21.

இனி பிரெட்போர்டு, அதாவது சிப்பையும் வயரையும் பற்றவைக்காமல் துளைகளில் குத்திச் சுற்றுக் கட்டும் பலகை. எனக்கு மிக நெருக்கமான வழி இதுதான். அதனாலேயே இதன் சிரமங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1960-களில் கொண்டுவந்த 7400 வரிசை சிப்கள் இன்றும் கிடைக்கின்றன. 7400-இல் 14 கால்கள், உள்ளே நான்கு நேண்ட் கேட்டுகள். ஏழாம் கால் கிரவுண்ட், பதினான்காம் கால் 5 வோல்ட். ஓர் எக்ஸாருக்கு நான்கு நேண்ட் வேண்டும் என்பதால் ஒரு சிப்பில் ஓர் எக்ஸார் சரியாக அடங்கும். முந்தைய இடத்திலிருந்து வரும் மிச்சத்தையும் சேர்த்து ஒரு பிட்டைக் கூட்டும் முழுக்கூட்டிக்கு ஒன்பது நேண்ட். எட்டு பிட் கூட்டிக்கு 72, அதாவது 18 சிப்கள். அதே வேலையை நான்கு பிட் கூட்டி சிப்பான 74283 இரண்டு போட்டால் முடித்துவிடும். இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தாலே, நேண்ட்டிலிருந்து கணினியை முழுவதும் பிரெட்போர்டில் கட்டும் ஆசை அடங்கிவிடும்.

கணினியையே பிரெட்போர்டில் கட்டலாம் என்று காட்டியவர் பென் ஈட்டர். அவருடைய 8 பிட் கணினி வீடியோக்கள் உலகம் முழுக்கப் பலரை இந்தப் பக்கம் இழுத்து வந்தன. 555 என்ற டைமர் சிப்பில் கிளாக், 16 பைட் நினைவகம், ரெஜிஸ்டர், ஏ.எல்.யூ. எல்லாம் தனித்தனிப் பலகையில் எல்.ஈ.டி. விளக்குகளோடு நிற்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு கிளாக் துடிப்பு. நிரலின் ஓர் ஆணை எந்தப் பலகையிலிருந்து எந்தப் பலகைக்குப் போகிறது என்று விளக்கிலேயே படிக்கலாம். கிளாக் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அதைக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் மாலைகள் வேண்டும். அதில் வரும் நினைவக சிப் 74189 இப்போது உற்பத்தியில் இல்லை, தேடித்தான் வாங்க வேண்டும். முழுக் கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஐயாயிரத்தில் அடங்காது. இரண்டு மாத விடுமுறைக்கு இது ஏற்றதல்ல என்று முடிவு செய்தோம்.

கணினி வேண்டாம், ஒரு லேட்ச் போதும் என்றால் கதையே வேறு. ஒரு 7400, இரண்டு பொத்தான், இரண்டு எல்.ஈ.டி., சில ரெசிஸ்டர். பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகும் விளக்கு எரிவதைப் பார்ப்பது, திரையில் பார்ப்பது போல் இல்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தி, சேர்த்து விட்டால் ஏதோ ஒரு பக்கம் ஜெயித்துவிடும். என் சிப்பில் பெரும்பாலும் ஒரே பக்கம், எப்போதாவது மறுபக்கம். எது ஜெயிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு கேட்டும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை என்பதும், மாற்றத்துக்குச் சில நானோவினாடி ஆகிறது என்பதும் அங்கே கண்முன் நிற்கின்றன. சிமுலேட்டர் மறைத்து வைத்திருந்தது இதைத்தான்.

பிரெட்போர்டில் எனக்கு நேர்ந்த தொல்லைகளைச் சொன்னால் உங்களுக்குச் சில நாள் மிச்சமாகும். நீளமான 830 துளைப் பலகைகள் பலவற்றில் ஓரத்து மின்வரி நடுவில் அறுந்திருக்கும். அது தெரியாமல் பலகையின் பாதி ஏன் செத்துக் கிடக்கிறது என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். இரண்டு துண்டு வயரில் தீரும் விஷயம். அடுத்தது, கடையில் வெறுமனே 7400 என்று கேட்டால் எல்.எஸ். வரிசையும் தருவார்கள், எச்.சி. வரிசையும் தருவார்கள்; வேலை ஒன்றுதான், உள்ளே செய்த விதம் வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது. எல்.எஸ். சிப் தன் வெளியீட்டில் 1 என்று சொல்ல உத்தரவாதம் தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய இரண்டரை வோல்ட்தான். 5 வோல்ட்டில் ஓடும் எச்.சி. சிப் 1 என்று ஏற்க மூன்றரை வோல்ட் வேண்டும். ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. எச்.சி. என்றே கேட்டு, எல்லாவற்றையும் அதிலேயே வாங்கிவிடுங்கள். அப்புறம், எச்.சி. சிப்பில் பயன்படுத்தாத உள்ளீட்டைச் சும்மா விடக்கூடாது. 5 வோல்ட்டிலோ கிரவுண்டிலோ கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே விளக்கு மினுக்கும்.

எஃப்.பி.ஜி.ஏ. (வாங்கிய பிறகு உள்ளே இருக்கும் சுற்றை நாமே எழுதி மாற்றக்கூடிய சிப்) பற்றியும் அவள் கேட்டாள், வி.எல்.எஸ்.ஐ. எனப்படும் சிப் வடிவமைப்பு வேலைக்குப் போகும் சீனியர் யாரோ சொல்லியிருக்கிறார். 1985-இல் சைலின்க்ஸ் நிறுவனத்தின் முதல் எஃப்.பி.ஜி.ஏ. 64 தருக்கக் கட்டங்களோடு வந்தது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் டேங் நானோ 9கே பலகையில் நான்கு உள்ளீட்டு அட்டவணைகள் 8,640 இருக்கின்றன. ஹாக் கணினியையோ ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த ஆணைத்தொகுப்பில் செய்த சிறிய செயலியையோ அதில் உண்மையாகவே ஓட்டலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி செயலிகள்கூட அந்த ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான். வேலைக்கு இட்டுச் செல்லும் வழி இது என்பதில் சந்தேகமில்லை.

முதல் படிக்கு மட்டும் இது பொருந்தாது. அந்தச் சிப்பில் கேட்டே கிடையாது; 16 விடைகளை எழுதி வைத்த சின்ன அட்டவணைகள்தான் கேட் மாதிரி நடிக்கின்றன. சுற்றை விவரிக்க எழுதும் வெரிலாக் மொழி பார்க்க நிரல் மாதிரியே இருப்பதால், வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதாகப் பைத்தான் பழகிய மனம் நம்பிவிடும். உண்மையில் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கும் சுற்றுகள். லேட்ச் சோதனை இங்கே விசித்திரமாக முடிகிறது: ஒரு நிபந்தனையில் "இல்லாவிட்டால்" பகுதியை எழுத மறந்தால், மென்பொருள் தானாகவே ஒரு லேட்சை உருவாக்கிவிட்டு எச்சரிக்கை தரும். முந்தைய மதிப்பை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டோம் என்று அதற்கு அர்த்தம். லேட்சை ஏற்கெனவே அறிந்தவருக்கு அந்த எச்சரிக்கை ஒரு பாடம். அறியாதவருக்கு வெறும் மஞ்சள் எழுத்து.

இவ்வளவையும் பேசிவிட்டு நாங்கள் எடுத்த முடிவு இது. முதல் வாரம் நேண்ட்கேம், லேட்ச் வரும்வரை. அடுத்த ஐந்து வாரம் நேண்ட் டு டெட்ரிஸின் முதல் ஐந்து செயல்திட்டங்கள், பக்கத்தில் சர்க்யூட்வெர்ஸ். மூன்றாவது செயல்திட்டம் தொடங்கும் முன் இரண்டு மாலை நிறுத்திவிட்டு பிரெட்போர்டில் லேட்ச். ஒரே வழியைத்தான் எடுக்க முடியும் என்று யாராவது கேட்டால் நேண்ட் டு டெட்ரிஸ் என்பேன். ஆனால் அந்த இரண்டு மாலைகளை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு இருவரும் போனோம். பிரெட்போர்டு இரண்டு, எச்.சி. வரிசையில் 7400 நான்கு, ஃபிளிப்-ஃபிளாப் சிப்பான 7474 ஒன்று, நான்கு பிட் கவுன்டரான 74161 ஒன்று, எல்.ஈ.டி. ஒரு கைப்பிடி, அவற்றுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பொத்தான்களுக்கு 10 கிலோ ஓம், ஒவ்வொரு சிப்பின் பக்கத்திலும் குத்த 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒற்றை இழை வயர், இருபக்கமும் தொடும் ஸ்லைடு சுவிட்ச் இரண்டு, சாதாரணப் பொத்தான் நான்கு. மின்சாரத்துக்குப் பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

லேட்ச் முதல் மாலையே ஓடிவிட்டது. இரண்டாம் மாலை கவுன்டரைப் போட்டு, பொத்தானையே கிளாக்காகக் கொடுத்தாள். ஒரு முறை அழுத்தினால் 3-இலிருந்து 4-க்குப் போக வேண்டியது 7-க்குத் தாவியது. வயரை மாற்றினாள், சிப்பைக் கழற்றி மாட்டினாள், தாவுவது நிற்கவில்லை. பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடு தொட்டதும் நிற்காமல் சில மில்லிவினாடி துள்ளும். கவுன்டர் ஒவ்வொரு துள்ளலையும் ஒரு துடிப்பாக எண்ணிவிடும். நான் விடையைச் சொல்லவில்லை. "முந்தாநாள் கட்டினது எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தானை எடுத்துவிட்டு ஸ்லைடு சுவிட்சைப் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் லேட்சின் இரண்டு உள்ளீட்டில் கொடுத்தாள். முதல் தொடுதலிலேயே லேட்ச் திரும்பிவிடும். தகடு எத்தனை துள்ளினாலும் மறுமுனையைத் தொடாதவரை அது மாறாது. அதன் வெளியீட்டைக் கிளாக்காகக் கொடுத்ததும் 4, 5, 6 என்று ஒழுங்காக ஏறியது.

இப்போது ஐந்தாவது செயல்திட்டத்தில் இருக்கிறாள், அடுத்து எந்த ஆணை என்று சுட்டும் நிரல் கவுன்டரில் ஏதோ பிழை. எஃப்.பி.ஜி.ஏ. பலகைக்கான பணம் பத்திரமாக இருக்கிறது. ஹாக்கின் செயலி எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகு வாங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.